ஈரலுக்குள் வெடிக்கும் குழாய்: எப்படி நிகழ்கிறது?

சித்திரைத் திருவிழா நாட்களில் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலைச் சுற்றி அடுப்பு எரியாத சந்து கிடையாது. முல்லைப் பெரியாற்றில் முங்கி எழுந்து, அக்கினிச்சட்டியும் ஆயிரங்கண் பானையும் ஏந்தி வருகிற சனத்துக்கு விடிய விடியச் சோறு பொங்கிப் போட வேண்டும். அப்படி ஓர் அன்னதானக் கொட்டகையின் சமையற்கட்டை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். கல்லீரல் எப்படி வேலை செய்கிறது, அபூர்வமான ஒரு ரத்தக்குழாய் நோயில் அதற்குள் ஏன் திடீரென்று ரத்தம் பீறிடுகிறது, அதை மருத்துவர்கள் எப்படி அடைக்கிறார்கள் என்பதையெல்லாம் அந்தச் சமையற்கட்டை வைத்தே சொல்லிவிடலாம்.

கட்டுக்குள் இரண்டு வழியாகப் பொருள் வருகிறது. ஒன்று சரக்கு வழி. சின்னமனூர் அரிசி, கம்பத்துக் காய்கறி, பருப்பு, புளி எல்லாம் மூட்டை மூட்டையாக ஆள் தோளில் வந்து இறங்கும். அளவு பெரிது, வேகம் குறைவு. மற்றொன்று கேஸ் வழி. பெரிய சிலிண்டரிலிருந்து அடுப்புக்கு ஒரு டியூப் ஓடுகிறது. பார்வைக்கு விரல் தடிமன்தான், ஆனால் உள்ளே அழுத்தம் பலமாக இருக்கும். மூட்டை கிழிந்தால் அரிசி சிந்தும், கூட்டி அள்ளிக்கொள்ளலாம். டியூப் கிழிந்தால் கதையே வேறு.

கல்லீரலுக்கும் இதே இரண்டு வழிதான். வலது விலா எலும்புகளுக்கு அடியில், கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ எடையில் உட்கார்ந்திருக்கிற இந்த உறுப்புக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் ரத்தம் வருகிறது. அதில் முக்கால் பங்கு போர்ட்டல் சிரை வழியாக வருவது. குடலில் செரித்த சத்தையெல்லாம் ஏற்றிக்கொண்டு, சாவகாசமாக வந்து சேர்கிற சரக்கு வண்டி அது. அதன் அழுத்தம் சாதாரணமாக 10 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாண்டுவதில்லை. மீதிக் கால் பங்கு கல்லீரல் தமனி வழியாக வருகிறது. இது இதயத்திலிருந்து கிளம்பிய ரத்தம். கையில் பட்டை கட்டி 120-க்கு 80 என்று பார்க்கிறோமே, ஏறக்குறைய அந்த அழுத்தத்தோடு ஈரலுக்குள் பாயும். அளவில் கால் பங்குதான் என்றாலும், கல்லீரலுக்குத் தேவையான ஆக்சிஜனில் பாதி இந்தத் தமனியில்தான் வருகிறது.

மறு பாதி? அது சரக்கோடு சரக்காகப் போர்ட்டல் சிரையில் வருகிறது. சமையற்கட்டில் மூட்டைகளோடு நாலு கட்டு விறகும் வந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த விறகை மறந்துவிட வேண்டாம். கடைசியில் நோயாளியின் உயிரைக் காப்பாற்றப் போவது அதுதான்.

இப்போது டியூபுக்கு வருவோம். நல்ல டியூபைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் மூன்று அடுக்கு தெரியும். உள்ளே வழவழப்பான ரப்பர், நடுவில் கம்பி வலை, வெளியே தடித்த ரப்பர். அழுத்தத்தைத் தாங்குவது நடுவில் இருக்கும் வலை. தமனியின் சுவரும் மூன்று அடுக்குதான். உள்ளே ஒரே வரிசைச் செல்களால் ஆன மெல்லிய பூச்சு. நடுவில் தசையும் மீள்சக்தி இழைகளும். வெளியே நார்த்திசு. ஒவ்வொரு துடிப்புக்கும் விரிந்து பழைய அளவுக்குத் திரும்புகிற வேலையை நடு அடுக்கு பார்த்துக்கொள்கிறது. எழுபது எண்பது வருடம், ஒரு நாளைக்கு ஒரு லட்சம் முறை.

அந்த நடு அடுக்கைத் தின்கிற நோயின் பெயர் பாலிஆர்ட்டிரைட்டிஸ் நோடோசா. மருத்துவர்கள் சுருக்கமாகப் பான் என்பார்கள். நடுத்தர அளவுத் தமனிகளின் சுவரில் வருகிற அழற்சி இது. ஐரோப்பியக் கணக்குகளில் பத்து லட்சம் பேருக்கு வருடம் ஒன்றுக்குச் சிலர் என்ற அளவில்தான் புதிதாகப் பதிவாகிறது. நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட வயதில் அதிகம் என்றாலும் குழந்தைகளையும் விட்டுவைப்பதில்லை.

இதை முதலில் விரிவாக எழுதியவர்கள் ஜெர்மனியின் பிரைபர்க் நகரில் இருந்த அடால்ஃப் குஸ்மாவுல், ருடால்ஃப் மையர் என்ற இரு மருத்துவர்கள். ஆண்டு 1866. நோயாளி 27 வயதுத் தையல் தொழிலாளி. காய்ச்சல், தசை வலி, வயிற்று வலி, கைகால் மரத்துப் பலமிழந்து போதல் என்று வந்து சேர்ந்தவர் ஒரு மாதத்தில் இறந்துபோனார். உடலைத் திறந்து பார்த்தபோது தமனிகளின் மேல் சிறு சிறு முடிச்சுகள் கண்ணுக்கே தெரிந்தன. அன்றைக்கு அவர்களால் பார்க்கத்தான் முடிந்தது, ஒன்றும் செய்ய முடியவில்லை.

அந்த முடிச்சு எப்படி உருவாகிறது? உடம்பின் பாதுகாப்புக்காக இருக்கிற வெள்ளணுக்கள் தமனிச் சுவருக்குள் நுழைந்து, கிருமியைக் கொல்ல வைத்திருக்கும் ரசாயனங்களை அங்கே கொட்டிவிடுகின்றன. சுவரின் ஒரு பகுதி செத்துப்போகிறது. டியூப் முழுக்க இப்படி ஆவதில்லை. ஓரிடம் கெட்டிருக்கும், நாலு விரல் தள்ளி நன்றாக இருக்கும், மறுபடி ஓரிடம் கெட்டிருக்கும். அதிலும் குழாய் இரண்டாகக் கிளைக்கிற இடங்கள்தான் அதிகம் அடிபடும். சமையல் மாஸ்டர் டியூபைச் சோதிக்கும்போது நடுவில் பார்ப்பதைவிட மூட்டுக்கு மூட்டுதான் தடவிப் பார்ப்பார். காரணம் ஒன்றேதான்: இழுவையும் அடியும் மூட்டில்தான் அதிகம்.

கெட்ட இடத்தில் இரண்டில் ஒன்று நடக்கும். சுவர் உள்பக்கமாக வீங்கினால் பாதை குறுகி, அந்தக் குழாயை நம்பியிருக்கும் பர்னர் மங்கி அணைகிறது. காலுக்குப் போகும் நரம்பின் குழாய் அடைபட்டால் ஒரு பாதம் தொங்கிப்போகும், செருப்பு தானாகக் கழன்று விழும். குடலின் குழாய் குறுகினால் சாப்பிட்டதும் வயிறு வலிக்கும். சிறுநீரகத்தின் குழாய் குறுகினால் இதுவரை இல்லாத ரத்த அழுத்தம் திடீரென்று ஏறும். தோலில் வலைபோட்டாற்போலக் கருநீலக் கோடுகள் படரும். ஆண்களுக்கு விரையில் வலி வரலாம். வெட்கப்பட்டுக்கொண்டு பலர் சொல்லாமல் விடுகிற அறிகுறி இது, வைத்தியருக்கோ மிக முக்கியமான துப்பு. நுரையீரலை மட்டும் இந்த நோய் பெரும்பாலும் தொடுவதில்லை.

இன்னொன்று, சுவர் வெளிப்பக்கமாகப் பலவீனப்படுவது. கம்பி வலை அறுந்த இடத்தில் டியூப் உப்பும். உப்ப உப்பச் சுவர் மெலியும், மெலிய மெலிய இன்னும் உப்பும். ஒன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் வரை, கடுகிலிருந்து மிளகு அளவுக்கு, இந்தப் புடைப்புகள் சிறுநீரகத்திலும் குடலிலும் கல்லீரலிலும் தோன்றுகின்றன. கல்லீரல் தமனியில் புடைப்பு இருப்பது இந்த நோயாளிகளிடம் அரிதில்லை. அது வெடிப்பதுதான் மிக அரிது. வெடித்துவிட்டால் கையில் இருக்கும் நேரம் கொஞ்சம்தான்.

வெடிக்கும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கல்லீரலைச் சுற்றி ஒரு மெல்லிய உறை இருக்கிறது. ரத்தம் முதலில் ஈரல் திசுவுக்குள்ளும் அந்த உறைக்குக் கீழும் தேங்கும். ஈரலின் உட்பகுதிக்கு வலி தெரியாது. உறைதான் இழுபட்டு வலிக்கும். வலது மேல் வயிற்றில் சட்டென்று குத்து வலி, சில பேருக்கு வலது தோளிலும் வலி. தோளுக்கும் ஈரலுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். உதரவிதானத்துக்கும் தோளுக்கும் போகிற நரம்புகள் கழுத்துத் தண்டுவடத்தின் ஒரே பகுதியிலிருந்து வருவதால் மூளை இடத்தை மாற்றிப் புரிந்துகொள்கிறது. உறையும் கிழிந்துவிட்டால் ரத்தம் வயிற்றுக் குழிக்குள் கொட்டும். சில சமயம் வெடித்த குழாய் பித்த நாளத்துக்குள் திறந்துகொள்ளும். அப்போது ரத்தம் குடலுக்கு இறங்கி மலம் தார் நிறத்தில் போகும், கண்ணும் மஞ்சளாகும்.

பெரியவர் ஒருவர் உடலில் சுமார் ஐந்து லிட்டர் ரத்தம் இருக்கிறது. முதல் முக்கால் லிட்டர் போகும்வரை உடம்பு சமாளித்துக் காட்டிக்கொள்ளாது. ஒன்றரை லிட்டரை நெருங்கும்போது நாடி படபடக்கும், கை சில்லிடும், வியர்வை ஊற்றும், பேச்சு குழறும், ரத்த அழுத்தம் சரியும். ஆரம்பத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் நன்றாகவே இருப்பதாகக் காட்டக்கூடும் என்பதையும் சொல்ல வேண்டும். அண்டாவிலிருந்து சாம்பாரை மொண்டு எடுத்தால் மிச்சமிருக்கிற சாம்பார் நீர்த்தா போகிறது? அளவு குறையுமே தவிரக் கெட்டி அப்படியேதான் இருக்கும். ஆகவே "ரத்தம் நல்லாத்தான் இருக்கு" என்ற ஒரு சீட்டை நம்பி வீட்டுக்குத் திரும்பிவிடக் கூடாது.

நம் பக்கத்தில் ஈரல் நோய் என்றதும் ஒரே கேள்விதான் வரும்: "ஆளு குடிப்பாரோ?" இந்தக் கேள்வி பல குடும்பங்களை அநியாயமாகத் தலைகுனிய வைத்திருக்கிறது. இங்கே ஈரல் எந்தத் தப்பும் செய்யவில்லை. அடுப்பும் அண்டாவும் நன்றாகத்தான் இருக்கின்றன, கெட்டுப்போனது டியூப். ஒரு சொட்டு மது தொடாதவருக்கும் இது வரும். வயிற்றுக்குள் ரத்தம் என்றதும் விபத்தில் பட்ட அடி, ஈரல் புற்றுக்கட்டி வெடித்தது போன்ற வழக்கமான காரணங்களைத்தான் மருத்துவர் முதலில் நினைப்பார், அது சரியும்கூட. அவரை வேறு பக்கம் யோசிக்க வைப்பது, நாம் சொல்கிற பழைய கதை. சில மாதமாக நாலைந்து கிலோ எடை குறைந்தது, விட்டு விட்டுக் காய்ச்சல் அடித்தது, பாதம் மரத்தது, தோலில் வலைக்கோடு வந்தது. இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வைத்தியரைப் பார்த்து, தனித்தனி மாத்திரை வாங்கியிருப்போம். எல்லாவற்றையும் ஒரே ஆளிடம் ஒரே மூச்சில் சொல்வதில்தான் பலன்.

வீரபாண்டியில் ஒருவருக்கு இப்படி நேர்ந்தால் 108-ல் தேனி வழியாகக் கானாவிலக்கில் இருக்கிற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். அதையும் தாண்டிய சிகிச்சை தேவைப்பட்டால் எண்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி மதுரை. முதலில் ரத்தம் ஏற்றி ஆளைத் தேற்றுவார்கள். பிறகு சாயம் செலுத்தி சிடி ஸ்கேன். ரத்தம் எங்கே தேங்கியிருக்கிறது, எந்தக் கிளையிலிருந்து வருகிறது என்று அதில் தெரியும். அடுத்தது ஆஞ்சியோகிராம்.

இந்த ஆஞ்சியோகிராமைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தொடை இடுக்கை மரக்கச் செய்து, அங்குள்ள தமனிக்குள் ஓர் ஊசி. ஊசி வழியே நூல் போன்ற கம்பி. கம்பியின் மேல் வழுக்கிக்கொண்டு மெல்லிய குழாய் ஒன்று மகாதமனியில் ஏறி, வயிற்றுக்கு நேராகக் கிளைக்கும் சீலியாக் தமனிக்குள் திரும்பி, அங்கிருந்து கல்லீரல் தமனிக்குள் போகிறது. அயோடின் கலந்த சாயத்தைச் செலுத்தியதும் திரையில் கிளைகள் கறுப்பாக விரிகின்றன. நலமான கிளை சீராக மெலிந்துகொண்டே போய் மறையும். நோயுள்ள கிளை அப்படிப் போகாது. சுருங்கும், புடைக்கும், மறுபடி சுருங்கும், மறுபடி புடைக்கும். வெடித்த இடத்தில் சாயம் குழாயின் கோட்டை விட்டு விலகித் திட்டாகத் தேங்கும். எந்த டியூப், எந்த இடம் என்பது அந்த நொடியில் தெரிந்துவிடுகிறது.

சமையற்கட்டில் டியூப் பிளந்தால் முதலில் என்ன செய்வோம்? ரெகுலேட்டரைத் திருகி மூடுவோம். இங்கும் அதுதான். உள்ளே போயிருக்கும் குழாய் வழியாகவே பிளாட்டினக் கம்பிச் சுருளைத் தள்ளுகிறார்கள். நேராகப் போகிற கம்பி, வெளியே வந்ததும் சுருண்டுகொள்ளும். அதைச் சுற்றி ரத்தம் உறைந்து பாதை அடைபடும். வெடிப்புக்கு முன்னால் மட்டும் அடைத்தால் போதாது. பக்கத்துக் கிளைகள் வழியாக ரத்தம் சுற்றி வந்து பின்பக்கமாக நுழைந்துவிடும். ஆகவே முடிந்தவரை வெடிப்புக்கு அப்பால் ஒரு சுருள், இப்பால் ஒரு சுருள். வயிற்றைத் திறந்து தையல் போடுவதைவிட இது பெரும்பாலும் நல்ல வழி. அழற்சியில் வெந்துபோன குழாயில் தையல் நிற்காது, ஊசி போட்ட இடமெல்லாம் கிழியும்.

தமனியை அடைத்தால் ஈரல் செத்துப்போகாதா? இங்கேதான் அந்த விறகு. கேஸ் நின்றாலும் சரக்கு வழியில் வந்து சேரும் விறகை வைத்து அடுப்பு எரிகிறது. போர்ட்டல் சிரையின் ஆக்சிஜன் கைகொடுப்பதால் ஒரு கிளையை, சில வேளை பெரிய கிளையையே, மூடினாலும் கல்லீரல் பிழைத்துக்கொள்கிறது. சிறுநீரகத்தில் இப்படி ஒரு கிளையை மூடினால் அந்தப் பகுதி போனது போனதுதான், அதற்கு விறகு வழி இல்லை. இதனால்தான் தமனியை அடைக்கும் முன் போர்ட்டல் சிரை திறந்திருக்கிறதா என்று மருத்துவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அதுவும் அடைபட்டிருந்தால் கணக்கே மாறிவிடும். பித்தப்பைக்குப் போகும் கிளையும் கல்லீரல் தமனியிலிருந்துதான் பிரிகிறது என்பதால் அதையும் தப்பவைக்கப் பார்ப்பார்கள்.

கசிவு நின்றதும் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் பெரிய ஆபத்து. ஒரு டியூபை மூடியிருக்கிறோம். மற்ற டியூபுகளைத் தின்றுகொண்டிருக்கிற அழற்சி அப்படியே இருக்கிறது. நாளை சிறுநீரகத்திலோ குடலிலோ வெடிக்கலாம். அதை அணைப்பது மருந்து. முதலில் அதிக அளவில் ஸ்டீராய்டு. நோய் முக்கிய உறுப்புகளைத் தொட்டிருந்தால் கூடவே எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற சைக்ளோபாஸ்பமைடு. ஸ்டீராய்டு வருவதற்கு முன் இந்த நோயோடு ஐந்து வருடம் தாண்டியவர்கள் நூற்றில் பதின்மூன்று பேர்தான். ஸ்டீராய்டு வந்தபின் பாதிப் பேர் தாண்டினார்கள். 1979-ல் அமெரிக்காவில் அந்தோணி ஃபாச்சியும் சகாக்களும் சைக்ளோபாஸ்பமைடின் பலனைப் பதிவுசெய்தார்கள். இன்று ஐந்தில் நான்கு பேர் தாண்டுகிறார்கள். சிகிச்சையில் சில மாதம் கழித்து மறுபடி ஆஞ்சியோகிராம் எடுத்தால் பல புடைப்புகள் இருந்த சுவடே இல்லாமல் மறைந்திருப்பதும் உண்டு. முகம் ஊதுகிறது, சர்க்கரை ஏறுகிறது என்று மாத்திரையைத் தாமாக நிறுத்துகிறவர்களைப் பார்த்தால் மனம் பதறுகிறது. ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவதே தனியாக உயிருக்கு ஆபத்து. தொந்தரவு இருந்தால் மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

எதனால் வருகிறது இந்த அழற்சி? பெரும்பாலானோரிடம் காரணம் பிடிபடுவதில்லை. ஒரு சிலரிடம் பிறவியிலேயே ஒரு மரபணுக் குறை. ஏடிஏ2 என்கிற நொதி குறைவதால் குழந்தைப் பருவத்திலேயே இதே போன்ற குழாய் நோய் வருகிறது என்று 2014-ல் கண்டறிந்தார்கள். இன்னும் சிலரிடம் மூலகாரணம் தெளிவாகவே தெரிகிறது. அதுதான் ஹெபடைடிஸ் பி வைரஸ்.

வைரஸின் துணுக்குகளும் அவற்றைப் பிடிக்க உடம்பு அனுப்பிய எதிர்ப்பொருளும் ஒட்டிக்கொண்டு ரத்தத்தில் மிதந்து, தமனிச் சுவரில் படிந்து, அங்கே அழற்சியை மூட்டுகின்றன. தொற்று வந்து சில மாதங்களில், பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள், பான் தலைகாட்டும். இவர்களுக்கு மருந்தின் வரிசையும் வேறு. ஸ்டீராய்டைச் சிறிது காலம் மட்டும் கொடுத்து, வைரஸுக்கு எதிரான மாத்திரையைச் சேர்த்து, ரத்தத்தின் பிளாஸ்மாவை மாற்றி அந்தக் கூட்டுத் துணுக்குகளை வெளியேற்றுகிறார்கள். வைரஸ் இருப்பது தெரியாமல் எதிர்ப்புச் சக்தியை நெடுநாள் அடக்கினால் அது பல்கிப் பெருகும். ஆகவே இந்த நோய் என்று சந்தேகம் வந்த அன்றே ஹெபடைடிஸ் பி பரிசோதனை கட்டாயம்.

பிரான்ஸ் நாட்டின் அனுபவம் நமக்கு நேரடியாகப் பொருந்துகிறது. 1970-களில் அங்கே பான் நோயாளிகளில் மூன்றில் ஒருவருக்கு மேல் ஹெபடைடிஸ் பி இருந்தது. தடுப்பூசியும் ரத்தவங்கிப் பரிசோதனையும் வந்தபின், 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அது நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இறங்கிவிட்டது. அபூர்வமான, பயங்கரமான ஒரு நோயின் ஒரு பெரிய பங்கை ஓர் ஊசியும் ஒரு ரத்தப் பரிசோதனையும் துடைத்துவிட்டன.

ஹெபடைடிஸ் பி-யால் வருவதோ வேறெதனால் வருவதோ, காமாலை என்றாலே நம் கை முதலில் போவது கீழாநெல்லிக்கு. இதில் சென்னைக்கு ஒரு சரித்திரமே உண்டு. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற பரூச் பிளம்பெர்க்கோடு சேர்ந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் சகாக்களும் 1988-ல் லான்செட் இதழில் கீழாநெல்லி ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு மாதம் மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேரிடம் வைரஸின் மேலுறைப் புரதம் ரத்தத்திலிருந்து மறைந்தது என்றது அந்த ஆய்வு. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு வேறிடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. கீழாநெல்லி மேல் எனக்கும் பிரியம் உண்டு. என்றாலும் ஹெபடைடிஸ் பி உறுதியானவர் அதை மட்டும் நம்பிக் காலத்தைக் கடத்துவதை என்னால் ஏற்க முடியாது. டெனோஃபோவிர், என்டெகாவிர் என்று வைரஸை அடக்குகிற மாத்திரைகள் இன்று இருக்கின்றன. 2018-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம்.

இந்தியாவில் இந்த வைரஸைச் சுமப்பவர்கள் சுமார் நான்கு கோடிப் பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. பெரும்பாலோருக்கு அது தெரியாது. தாயிடமிருந்து குழந்தைக்கு, உடலுறவில், சுத்தம் செய்யாத ஊசியில், ஒருவர் மழித்த பிளேடில் இன்னொருவர் மழிப்பதில் என்று ரத்தம் தொட்ட இடமெல்லாம் இது பரவும். முடி காணிக்கை கொடுக்கும்போது புது பிளேடு மாட்டச் சொல்லுங்கள். பச்சை குத்திக்கொள்ள உட்கார்ந்தால் புது ஊசியா, புது மையா என்று கேளுங்கள். கேட்பதில் அவமரியாதை ஒன்றுமில்லை.

தமிழ்நாட்டில் 2011 டிசம்பரில் ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் தடுப்பூசி தொடங்கியது. கேரளமும் நாமும்தான் நாட்டிலேயே முதல். ஹெபடைடிஸ் பி-யும் அதில் அடக்கம், ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் போடுவார்கள். ஆனால் அதற்கும் முந்தைய ஊசி ஒன்று இருக்கிறது: குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டியது. தாய்க்கு வைரஸ் இருந்தால் குழந்தைக்குப் போகாமல் தடுக்கிற முக்கியமான ஊசி அது. அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசம். பேறுகாலத்துக்குத் துணையாகப் போகிறவர்கள், வீடு திரும்பும் முன் அந்த ஊசி போட்டதற்கான பதிவு அட்டையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இந்த ஊசி வருமுன் பிறந்து, போடாமல் விட்ட பெரியவர்கள் ஒருமுறை வைரஸ் இருக்கிறதா என்று காட்டும் ஹெச்பிஎஸ்ஏஜி பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தொற்று இல்லையென்றால் ஆறு மாதத்துக்குள் மூன்று ஊசி போட்டுக்கொள்ளலாம்.